கந்தக முத்தும் நிக் லேனின் கணக்கும்

பாக்டீரியா எதையெல்லாம் தின்னும் என்று கேட்டால், எதைத்தான் தின்னாது என்று திருப்பிக் கேட்கலாம். சர்க்கரை, ஹைட்ரஜன், அம்மோனியா, இரும்பு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்று பட்டியல் நீளும். நிக் லேன் 2015-ல் எழுதிய 'தி வைட்டல் க்வெஸ்சன்' இந்தப் பட்டியலில் மயங்கி நிற்பதில்லை. தீனி எதுவானாலும் சமையல் ஒன்றுதான் என்கிறார். உணவிலிருந்து எலக்ட்ரான் பிடுங்கப்படுகிறது. ஆக்ஸிஜனோ நைட்ரேட்டோ சல்பேட்டோ அதை வாங்கிக்கொள்கிறது. கைமாறும் வழியில் கிடைக்கும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அணையில் தேங்கிய தண்ணீர் மாதிரி அவை திரும்பி உள்ளே பாயும்போது ஒரு குட்டி டர்பைன் சுற்றி ஏடிபி உண்டாகிறது. பீட்டர் மிட்செல் 1961-ல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் நோபல் கொடுத்தார்கள்.

சவ்வின் தடிமன் சுமார் 6 நானோமீட்டர், மின்னழுத்தம் 150 முதல் 200 மில்லிவோல்ட். பார்க்க அற்பம்தான். ஒரு மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3 கோடி வோல்ட்! இந்த மாதிரி இடங்களில் லேனை மிஞ்ச ஆளில்லை.

சிக்கல் அடுத்த படியில். பாக்டீரியா தன் மேல்தோலிலேயே மூச்சு விடுகிறது. உடம்பு பெருத்தால் தோல் போதாது, மரபணுத்தொகுதியையும் ஆயிரக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டே போகணும். ஆகவே மைட்டோகாண்ட்ரியா கிடைக்காத பாக்டீரியா எளிமையிலேயே தேங்கிவிட்டது என்பது அவர் வாதம். 2022-ல் குவாதலூப் தீவின் சதுப்புநிலக் காடுகளிலிருந்து 'தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா' வந்தது. கந்தகத்தில் பிழைக்கும் பாக்டீரியா, நீளம் சுமார் 1 சென்டிமீட்டர், கண்ணாலேயே பார்க்கலாம். ஏடிபி செய்யும் டர்பைன்கள் அதன் உள்சவ்வுகளிலும் இருக்கின்றன. அப்படியானால் 'தோல் மட்டும்தான்' என்பது ஆட்டம் காண்கிறது. ஆனால் உடம்பில் முக்கால் பங்கு வெறும் நீர்ப்பை. மரபணுத்தொகுதியின் நகல்களோ லட்சக்கணக்கில். நகல் கணக்கில் லேன் சொன்னதே நடந்திருக்கிறது. பாதி சரி, பாதி திருத்தணும்.

எனக்கு உறுத்துவது 'தேங்கிவிட்டது' என்கிற தொனி. நமீபியக் கடலடிச் சேற்றில் வாழும் இதன் உறவுக்காரரைப் பாருங்கள். தின்ன வேண்டிய சல்பைடு சேற்றில், சுவாசிக்க வேண்டிய நைட்ரேட் மேலே தண்ணீரில். நீந்தவும் தெரியாது. சேறு கலங்கும்போது கிடைக்கும் நைட்ரேட்டை நீர்ப்பையில் நிரப்பிக்கொள்கிறது. கந்தகத்தை மணிமணியாக ஓரத்தில் சேர்த்துக்கொள்கிறது. அதாவது சோற்றை மட்டுமில்லை, மூச்சையும் குதிரில் கொட்டி வைக்கிற உயிர். மைட்டோகாண்ட்ரியா வைத்திருக்கும் நமக்கு ஐந்து நிமிஷத்துக்குக்கூட மூச்சைச் சேமிக்க வக்கில்லை. பாக்டீரியாவின் வேதியியல் சாமர்த்தியத்தை லேன் மறுக்கவில்லைதான். ஆனால் அவருக்கு அது உட்கரு உள்ள செல்லுக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம், அவ்ளோதான்.

பள்ளி வேதியியல் மறந்துபோனவர்களுக்கு நடு அத்தியாயங்கள் கொஞ்சம் இழுக்கும். விடாமல் படிக்கலாம். கையோடு அந்த 2022 பாக்டீரியாவின் படத்தையும் தேடிப் பார்த்துவிடுங்கள், வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும்.