பெட்டிக்குள் இல்லாத மீட்டர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. மோட்டாரைப் போட்டால் நிரம்ப ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். அந்த 40 நிமிடத்தை வீட்டில் யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "தண்ணி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் சுவிட்சை நோக்கி ஓடுவோம். பத்தாம் வகுப்பில் ஓம் விதி படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு நாள் கேட்டாள்: "தொட்டி நிறைஞ்சா சத்தம் போடுற மாதிரி நாமளே ஒண்ணு செய்ய முடியாதாப்பா?"

அந்தச் சனிக்கிழமை இருவரும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய், 1,450 ரூபாய்க்கு ஓர் ஆர்டுயினோ பயிற்சிப் பெட்டி வாங்கி வந்தோம். நான்கு மாதமாக அது எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைப் போன்ற ஒரு பெட்டியில்தான் தொடங்குகிறார்கள். அது எங்கே கை கொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும்.

உள்ளே யூனோ பலகை, யுஎஸ்பி வயர், 830 துளை பிரெட்போர்டு, ஒரு கொத்து ஜம்பர் வயர், எல்இடிகள், கலந்து போட்ட ரெசிஸ்டர்கள், பஸ்ஸர், ஒளி உணரி, மீயொலி உணரி, சிறிய சர்வோ மோட்டார், இரண்டு வரி எல்சிடி திரை, 9 வோல்ட் பேட்டரி மாட்டும் கிளிப், மெல்லிய கையேடு ஆகியவை இருந்தன.

ஆர்டுயினோ இத்தாலியின் இவ்ரியா நகரில் ஒரு வடிவமைப்புப் பள்ளி மாணவர்களுக்காக 2005-இல் உருவானது. யூனோ பலகை 2010-இல் வந்தது. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் அதே பலகையைத் தயாரித்து விற்கலாம். எங்கள் பெட்டியில் இருந்ததும் அப்படித் தயாரான ஒன்றுதான். மூளையாக இருப்பது ஏடிமெகா328பி சில்லு: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரலுக்கு 32 கிலோபைட், தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட். கைப்பேசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தொட்டி நிரம்பியதா என்று பார்க்க இதில் நூறில் ஒரு பங்கு போதும். விலை குறைந்த பலகைகளில் யுஎஸ்பி இணைப்புக்குப் பெரும்பாலும் சிஎச்340 என்ற சில்லு இருக்கும். கணினி பலகையை அடையாளம் காணவில்லை என்றால் அதற்கான டிரைவரை நிறுவிப் பாருங்கள். எங்களுக்கு அதில் அரை மணி நேரம் போனது.

முதல் நாள் இன்பமாகக் கழிந்தது. விளக்கு மினுக்கும் நிரலை ஏற்றியதும் சிவப்பு எல்இடி விட்டு விட்டு எரிந்தது. கையேடு "220 ஓம் ரெசிஸ்டரைப் பொருத்தவும்" என்று மட்டும் சொல்கிறது. ஏன் 220 என்று சொல்லவில்லை. பலகை தருவது 5 வோல்ட், சிவப்பு எல்இடி எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட், மீதி 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். மூன்றை 220-ஆல் வகுத்தால் 0.0136, அதாவது 13.6 மில்லி ஆம்பியர். எல்இடிக்கும் பலகைக்கும் பாதுகாப்பான அளவு. மகள் இதைப் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் தானே போட்டுப் பார்த்தாள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் கையில் இருந்த விளக்கோடு சேர்ந்த அந்த நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை. இந்த நான்கு வரிக் கணக்கைக் கையேட்டில் அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் நான்கு எல்இடிகளை வரிசையாக எரிய வைக்க முயன்றோம். இரண்டு எரிந்தன, இரண்டு எரியவில்லை. நிரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு மணி நேரம் வரி வரியாகத் தேடினோம். பிழை நிரலில் இல்லை. பிரெட்போர்டின் ஓரத்தில் சிவப்பு, நீலக் கோடு போட்டு நீளமாக ஓடும் துளை வரிசைதான் மின்சாரம் கொடுக்கும் தடம். சில பலகைகளில் அந்தத் தடம் நட்டநடுவில் அறுந்திருக்கும். உற்றுப் பார்த்தால் அச்சிட்ட கோட்டிலும் ஒரு சிறு இடைவெளி தெரியும். எங்கள் எல்இடிகளில் இரண்டு அறுந்த இடத்துக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தன.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் 280 ரூபாய்க்கு வாங்கிய மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர். இரண்டு முனைகளையும் ஒரே தடத்தின் இரு கோடிகளில் வைத்தோம். பீப் சத்தம் வரவில்லை. ஒரு முனையை நடுவை நோக்கி ஒவ்வொரு துளையாக நகர்த்திக்கொண்டே வந்தோம். இடைவெளியைத் தாண்டிய அடுத்த துளையில் பீப் என்றது. மகள் கை தட்டினாள்.

இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறை அதுதான். உள்ளே மீட்டர் இல்லை. சர்வோவும் எல்சிடியும் இருக்கின்றன, மின்சாரத்தைக் கண்ணுக்குக் காட்டும் கருவி இல்லை. அது இல்லாமல் இந்தப் பெட்டி நிரல் எழுதக் கற்றுத் தரும், மின்னணுவியல் கற்றுத் தராது. எரியாத விளக்கின் முன் உட்கார்ந்து, எதுவரை 5 வோல்ட் வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று அளந்துகொண்டே போகும்போதுதான் சுற்று என்றால் என்னவென்று மனத்தில் பதிகிறது. மீட்டர் வாங்கும்போது தொடர்ச்சி சோதனைக்குப் பீப் சத்தம் உண்டா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். மலிவான சிலவற்றில் அது இருக்காது. அந்த மீட்டரை ஒருபோதும் சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக்கில் செருகாதீர்கள். பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி தொட்டிக்கு வருகிறேன்.

முதலில் யூனோவே இல்லாமல் செய்து பார்த்தோம். இரண்டு ரூபாய் விலையுள்ள பிசி547 டிரான்சிஸ்டர்கள் நான்கு போதும். 5 வோல்ட் இணைத்த ஒரு செம்புக் கம்பி தொட்டியின் அடிவரை இறங்கும். வேறு நான்கு கம்பிகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். தண்ணீர் ஏறி ஒரு கம்பியைத் தொட்டதும் மிகச் சிறிய மின்னோட்டம், சில பத்து மைக்ரோ ஆம்பியர் அளவில், தண்ணீர் வழியே டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. அதை அது நூறு மடங்குக்கு மேல் பெருக்கி எல்இடியை எரிய வைக்கிறது. நிரல் ஒரு வரிகூட இல்லை. சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்ற ஊற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறியதைப் பார்க்க என் அம்மாவும் வந்து நின்றார்கள். டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது என்று விளக்க அந்த வாளியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து மேலே ஏறிப் பார்த்தால், அடிவரை போன செம்புக் கம்பி பச்சை பூத்து, நுனி கரைந்து கூராகிப் போயிருந்தது. நாள் முழுக்க ஒரே திசையில் மின்னோட்டம் தண்ணீர் வழியே போனால் நேர்முனைக் கம்பி மெல்ல மெல்லக் கரையும். வேதியியல் பாடத்தின் மின்னாற்பகுப்பு எங்கள் தொட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. யூனோவுக்கு உண்மையான வேலை கிடைத்தது இங்கேதான். கம்பிக்கு மின்சாரம் எப்போதும் தேவையில்லை. 30 வினாடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரம் கொடுத்து, மட்டத்தைப் படித்துவிட்டு அணைத்துவிடலாம். பத்து வரி நிரல். அரிப்பு வெகுவாகக் குறைந்தது. எதற்கு டிரான்சிஸ்டர் போதும், எங்கே நிரல் தேவை என்ற பிரிவினை கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லாதது.

குறைந்தாலும் செம்பு கரைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவ மனம் ஒப்பவில்லை. பெட்டியில் வந்த மீயொலி உணரியை மூடியின் உட்புறம் பொருத்தினோம். அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை அளக்கும். சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ வினாடி என்று வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். மேசையில் அருமையாக வேலை செய்தது. தொட்டிக்குள் நீராவி படிந்து இரண்டே வாரத்தில் உளற ஆரம்பித்தது. அதன் முகம் திறந்திருப்பதால் ஈரமான இடத்துக்கு ஆகாது.

கடைசியில் 90 ரூபாய்க்கு வாங்கிய மிதவை சுவிட்சில் நின்றோம். மிதவைக்குள் ஒரு காந்தம், தண்டுக்குள் காந்தத்தால் மூடித் திறக்கும் சிறு தொடுமுனை. எந்த உலோகமும் தண்ணீரைத் தொடாது. ஆனால் வயரை யூனோவில் செருகியதும் தொட்டி நிரம்பாமலே பஸ்ஸர் அலறியது. வயர் பக்கம் கையைக் கொண்டுபோனால் நின்றது, எடுத்தால் மறுபடி அலறியது. சுவிட்ச் திறந்திருக்கும்போது யூனோவின் பின் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது, காற்றில் இருக்கும் மின் இரைச்சலையெல்லாம் படிக்கிறது. அந்தப் பின்னை ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு கட்டிவிட வேண்டும். நிரலில் ஒரு சொல்லை மாற்றினால் சில்லுக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர் இணைந்துகொள்ளும், ஆனால் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை என்பதால் பிடி தளர்வு. மாடியிலிருந்து சமையலறைவரை இறங்கும் 12 மீட்டர் வயருக்கு அது போதவில்லை, மோட்டாரைப் போடும் நொடியில் பஸ்ஸர் ஒரு முறை கத்தியது. வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், 104 என்று அச்சிட்ட சிறு கெபாசிட்டரும் சேர்த்த பிறகு அமைதியானது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்சிடி திரைக்கு 16 பின்களைச் சால்டர் செய்தாக வேண்டும், பெட்டியில் சால்டரிங் அயர்ன் இல்லை. 25 வாட் அயர்ன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி ஒட்ட வைக்காமல், பின்னையும் தகட்டையும் இரண்டு வினாடி சூடாக்கி அந்தச் சூட்டில் ஈயத்தை உருக விட்டால், இணைப்பு பளபளப்பான சிறு கூம்பாக நிற்கும். மங்கலான உருண்டையாக நின்றால் மறுபடி சூடாக்குங்கள். புகை முகத்துக்கு வராமல் சன்னலோரம் உட்கார்ந்து செய்ய வேண்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அது ஈயம். சர்வோவைப் பலகையின் 5 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் அது இழுக்கும் மின்னோட்டத்தில் யூனோ தானாக மறுதொடக்கம் ஆகிவிடுகிறது, அதற்குத் தனி மின்சாரம் கொடுங்கள். 9 வோல்ட் பேட்டரி கிளிப் வீண். யூனோ சும்மா இருந்தாலே 40, 50 மில்லி ஆம்பியர் குடிக்கும், அந்தச் சின்ன பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காது. பழைய கைப்பேசி சார்ஜரே போதும்.

ரிலே வைத்து மோட்டாரையே நிறுத்தலாமே என்று பலர் கேட்டார்கள். நான் செய்யவில்லை. 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சிறு ரிலே, மோட்டார் கிளம்பும்போது பல மடங்காக எகிறும் மின்னோட்டத்தில் ஒட்டிக்கொண்டுவிடக்கூடும். அது 230 வோல்ட் வேலை, தகுந்த கான்டாக்டரோடு எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது. எங்களுக்குச் சத்தம் போதும்.

வாங்கலாமா? வாங்கலாம், கூடவே மீட்டரும் அயர்னும் சேர்த்து 2,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால். பணம் அதற்குக் குறைவு என்றால் பெட்டியை விட்டுவிட்டு பிரெட்போர்டு, மீட்டர், கொஞ்சம் எல்இடி, ரெசிஸ்டர், பிசி547 மட்டும் வாங்குங்கள். 600 ரூபாய்க்குள் முடியும், கற்பது குறையாது. வைஃபை உள்ள இஎஸ்பி32 பலகை இதைவிடப் பல மடங்கு திறமையானதுதான், ஆனால் அது 3.3 வோல்ட்டில் இயங்குவது. தவறி 5 வோல்ட்டைப் பின்னில் கொடுத்தால் கெட்டுப்போகலாம். முதல் ஆறு மாதத்துக்கு யூனோவின் பொறுமை வேண்டும்.

பஸ்ஸர் இப்போது சமையலறை சன்னலுக்கு மேல் ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. அது கத்தினால் அம்மா சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்கா கடந்த வாரம் தங்கள் வீட்டுத் தொட்டியின் உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இடி மின்னல் நேரத்தில் மாடியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட வேண்டும் என்று மகள் அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்.