அரிப்புக் கரையில் ஒரு கிரேக்க மாளிகை: கோடினரின் இலங்கை வருணனை பற்றிய ஒரு நோக்கு

பதினெட்டாம் நூற்றாண்டிற் செல்வக்குடியிற் பிறந்த ஆங்கில இளைஞனுக்குப் பல்கலைக்கழகப் படிப்பிலும் மேலானதாக ஒரு தகுதி வேண்டப்பட்டது. பாரிஸ், புளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் என ஐரோப்பாவின் பழைய நகரங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கித் திரிந்து வருதலே அத்தகுதி. 'பெரும் பயணம்' எனப்பட்ட அவ்வழக்கம் நகரங்களைப் பற்றிய அறிவோடு, பார்க்கும் முறை ஒன்றையும் அவனுக்குக் கற்பித்தது. இடிந்த தூணில் அழகு காணவும், ஓர் ஊரை உயரத்தில் நின்று காட்சியாக்கிக் கொள்ளவும் அவன் கண் பழகியது. அக்கண்ணே பின்னர் ஆட்சியாளரின் கண்ணாகக் கீழ்த்திசைக்கு வந்தது. அதன் விளைவை மன்னார்க் கரையோரத்து அரிப்பில் இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாக 1798 முதல் 1805 வரை இருந்த பிரெடரிக் நோத், பிரித்தானியப் பிரதமர் ஒருவரின் மகன். நலிந்த உடலினராதலாற் பிள்ளைப் பருவத்திலேயே ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் வாழ்ந்தவர். கிரேக்கத்தின் மீது அவர் கொண்ட பற்று சாதாரணமானதன்று. 1791இல் கோர்பு தீவிற் கிரேக்கத் திருச்சபையிற் சேர்ந்தார். 1824இல் அதே தீவிற் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றக் காரணராயிருந்தார். இத்தகைய ஒருவர், முத்துக்குளிப்புக் காலத்திற் தாம் தங்குவதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பின் கடலோர மேட்டில் எழுப்பிய மாளிகை, கிரேக்கரின் டொறிக் தூண்களோடு எழுந்ததில் வியப்பில்லை. நேப்பிள்சுக்குத் தெற்கே ஆங்கிலப் பயணிகள் வியந்து நின்ற கோயில்களின் நிழல், வெயிலும் மணலும் முட்பற்றையுமான இக்கரையில் விழுந்தது.

இம்மாளிகையையும் அதன் எதிரே நடந்த முத்துக்குளிப்பையும் ஒருசேரப் பதிவு செய்தவர் ஜேம்ஸ் கோடினர். கொழும்புப் படையினரின் குருவாக 1799 முதல் 1804 வரை இலங்கையில் இருந்த அவர், தம் இலங்கை வருணனை நூலை 1807இல் இரு பாகங்களாக வெளியிட்டார். வரலாற்று மாணவர் இந்நூலைத் தகவற் களஞ்சியமாகவே கையாண்டு வருகின்றனர். அதனைப் பயண இலக்கியமாக நோக்கும்போதே அதன் பலமும் பலவீனமும் புலப்படுகின்றன.

கோடினரின் நூலில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. மாளிகையைப் பேசும்போது எழுவது ஐரோப்பிய நகரங்களின் கல்வி பெற்ற கனவானின் குரல். தூண், விகிதம், கடற்காட்சி என்பனவே அதன் பொருள். குளிப்பைப் பேசும்போதோ அவர் நடை இறுக்கமும் துல்லியமும் பெறுகின்றது. நள்ளிரவை அண்டித் தரைக்காற்றோடு புறப்படும் வள்ளங்கள், ஒரு வள்ளத்திற் பதின்மர் குளிகாரர், அவருள் ஐவர் மூழ்க ஐவர் இளைப்பாறுதல், காலிற் பிணைத்த கல், மேலே கயிறு பிடிப்போர், பிற்பகற் கடற்காற்றோடு கரைதிரும்பல், குவிந்து அழுகும் சிப்பியின் நாற்றம் யாவும் அங்கு உள. முன்னைய குரல் கடன்வாங்கியது. பின்னையது அவருக்கே உரியது. நூலை இன்றும் வாழவைப்பது பின்னையதே.

ஆயினும் அத்துல்லியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குளிகாரன் அங்கே நுரையீரலாகவும் கையாகவும் காலாகவும் தோன்றுகின்றானேயன்றிப் பேசுபவனாகத் தோன்றுவதில்லை. தென்தமிழ்க் கரையிலிருந்து வந்த பரதவரும் முஸ்லிம்களும் எண்ணிக்கையாகி நிற்கின்றனர். சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கருதப்பட்ட 'கடல்கட்டி' பற்றிய பகுதி இதனை நன்கு காட்டும். ஐரோப்பியர் அவனை மூடநம்பிக்கையின் சின்னமாகக் கண்டனர். அவனுக்குக் கூலி கொடுத்ததோ அரசாங்கமே. கடல்கட்டி கரையில் நில்லாவிடிற் குளிகாரன் நீரில் இறங்கான். அவன் இறங்காவிடில் அரசிறை இல்லை. நகைப்பும் கூலியும் ஒரே கையிலிருந்து வந்தமை ஆராய்தற்குரியது. காட்சியிற் தோய்ந்த கண்ணுக்கு இப்பொருளாதார முடிச்சு அகப்படவில்லை.

இதே அரிப்புக்கு ஒன்றேகால் நூற்றாண்டு முன்னர் வந்த வேறோர் ஆங்கிலரை ஈண்டு ஒப்பிடலாம். கண்டி அரசிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், துணைவர் ஒருவருடன் அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் வழியே காட்டினூடு நடந்து, 1679 ஒக்ரோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் வழியிலும் கற்றூண்கள் கிடந்தன, அவற்றைக் குறித்துமிருக்கின்றார். ஆனால் நின்று சுவைக்க அவருக்குப் பொழுதில்லை. எதிர்ப்படும் மனிதர் எம்மொழி பேசுவர், யாருக்கு ஆட்பட்டவர், பிடித்துக் கொடுப்பரோ என்பனவே அவர் கேள்விகள். அவ்வச்சத்தாலேயே அநுராதபுரத்துக்கு அப்பால் சிங்களம் விளங்காத தமிழ் மக்கள் வாழ்ந்தமை போன்ற செய்திகள் அவர் 1681இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. பல்லக்கிலிருந்து பார்த்தால் நாடு காட்சியாகும். ஒளிந்து நடந்தால் மனிதராகும்.

ஒரு குருவானவரை அவர் காலத்துக்குரிய குறைகளுக்காகக் கண்டித்தல் நியாயமா எனச் சிலர் வினவலாம். குறை கோடினரிடத்திற் பெரிதன்று. அவர் நூலிலிருந்து தூண்களை மட்டும் பெயர்த்தெடுத்துச் சுற்றுலாக் கையேடுகளில் நிறுத்துவோரிடத்தே அது பெரிது. 1906இல் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பைக் கண்காணித்த லெனாட் வுல்ப், அவ்வனுபவத்தைக் கொண்டு பின்னர் எழுதிய சிறுகதையில், கரையை ஆளும் வெள்ளையரையே விசாரணைக்கு உட்படுத்தினார். அத்திருப்பம் நிகழ ஒரு நூற்றாண்டு சென்றது.

இம்மாளிகையை ஊரவர் 'அல்லிராணி கோட்டை' என்பர். கற்றோர் இதனை அறியாமையெனத் தள்ளிவிடுதலே வழக்கம். ஆனால் பெயரிடுதலும் ஒரு வகை விமரிசனமே. ரோமையும் நேப்பிள்சையும் காணாத மக்கள், தேசாதிபதியின் கிரேக்கத்தைத் தம் கதைமரபின் பாண்டிய அரசிக்கு உரிமையாக்கிக் கொண்டனர். முத்துக்கும் பாண்டியருக்கும் இருந்த உறவு அவர் நினைவில் எஞ்சியிருந்தது போலும். இதனையும் மிகைப்படுத்தலாகாது, அக்கதையிலும் அரசி உண்டு, குளிகாரன் இல்லை.

கட்டடத்தின் ஒரு பகுதி மேட்டோடு சரிந்து கடலுள் வீழ்ந்துவிட்டது. எஞ்சிய சுவர்களிற் பூச்சு உதிர்ந்த இடங்களிற் செங்கல் தெரிகின்றது. சலவைக்கல் போல ஒளிர்ந்த அத்தூண்கள் கல்லாலானவையல்ல. செங்கல்லின் மேற் பூசிய சாந்து, சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு.