ட்யூனருக்குக் கேட்காத ஸி

அயர்லாந்தின் இல்லன் பைப்ஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே அது மூன்று ஸ்வரங்களைப் பற்றிய புலம்பலில்தான் போய் முடியும்: அடி டி, மேல் டி, ஸி நேச்சுரல். ட்யூனர் முள் நடுவில் நின்றால் நல்ல சாண்டர், விலகினால் மோசமான சாண்டர் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மூன்றும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்று பிரச்சினையே இல்லை.

சாண்டர் என்பது மெட்டு வாசிக்கும் குழல். கூம்புத் துளை, உச்சியில் இரட்டை நாக்குச் சீவாளி. நம் நாகஸ்வரமும் அப்படித்தான், ஆனால் அங்கே சீவாளி உதட்டில் இருக்கிறது. கொஞ்சம் பிசகினால் வித்வான் உதட்டாலேயே சரிக்கட்டிவிடுவார். இங்கே சீவாளி ஒரு மூடிக்குள். வலது கை துருத்தி காற்றைப் பைக்கு அனுப்புகிறது, இடது கை பையை அழுத்துகிறது. வாசிப்பவர் கையில் இருப்பது அந்த அழுத்தம், விரல்கள், குழலின் அடிவாயை மூடித் திறக்கும் தொடை, அவ்வளவுதான்.

பெருவிரல் துளையைத் திறந்தால் வரும் மேல் டியில் நான் கறார். பின்னால் டிரோன்கள் டியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதாவது ஆதார ஷட்ஜம். மேல் ஷட்ஜம் அதோடு சேராவிட்டால் மன்னிப்பே கிடையாது. பல சாண்டர்களில் அழுத்தம் கூடக் கூட இந்த ஸ்வரம் ஏறாமல் கீழே தொங்கும். சீவாளியைச் சீவுவார்கள், செப்புப் பட்டையை நகர்த்துவார்கள், குழலுக்குள் ஒரு கோரைத் தண்டைச் செருகிப் பார்ப்பார்கள். செய்யட்டும், அது நிஜமான கோளாறு.

அடி டி வேறு கதை. குழலைத் தொடையிலிருந்து சும்மா தூக்கினால் மென்மையான டி. தூக்கும்போதே ஒரு விரல் சொடுக்கு கொடுத்தால் கரகரவென்று, கனமாக இன்னொரு டி. பைப்பர்கள் இதைக் கடின டி என்கிறார்கள். ட்யூனர் பார்ப்பது சுருதியை மட்டும்தான்; குரல் மாறியது அதற்கு எங்கே தெரியப்போகிறது?

இப்போது ஸி நேச்சுரல், நம் கணக்கில் கைசிகி நிஷாதம். இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல்பிடிகள் உண்டு, போதாததற்குத் தனிச் சாவியும் உண்டு. சாவி ஸி நேராக நிற்கும். விரல் ஸி ஒவ்வொரு பிடியிலும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இதைத்தான் கோளாறு என்கிறார்கள்.

ஜானி டோரனின் 'ரேக்கிஷ் பேடி'யைக் கேட்டுப் பாருங்கள். ஊர் ஊராகத் திரிந்து வாசித்தவர். 1947இல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையத்துக்காகக் கெவின் டேனகர் பதிவு செய்தார். சில வாரங்களில், 1948 ஜனவரியில், டப்ளினில் அவர் தங்கியிருந்த வண்டி மீது சுவர் இடிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, 1950இல் இறந்துபோனார். நமக்குக் கிடைத்திருப்பது அந்தச் சில தட்டுகள்தான். அந்த ரீல் மெட்டு தொடங்குவதே நீண்ட ஒரு ஸியில். டோரனிடம் அது ஒரு புள்ளியாக நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு வருகிறது. (பழைய தட்டின் வேகத்தை நம்பி ஹெர்ட்ஸ் கணக்குப் போடக்கூடாது, டிரோனோடு ஒப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.) அந்த ஸியை நேராக்கிவிட்டால் மெட்டு மிஞ்சும், டோரன் மிஞ்ச மாட்டார்.

இன்னொன்று. ட்யூனர் சொல்வது பியானோவின் சம இடைவெளிக் கணக்கு. அதன்படி எஃப் ஷார்ப், டிக்கு மேலே 400 சென்ட். டிரோனோடு துடிப்பில்லாமல் கலக்கும் அந்தர காந்தாரமோ ஏறக்குறைய 386. பி ஸ்வரமும் 900க்குப் பதில் 884. ஆக முள் பூஜ்யத்தில் நின்றால் டிரோனோடு உரசும். நிஷாதத்திலும் அப்படியே: முள் கேட்பது 1000, ஏழுக்கு நான்கு விகிதத்தில் வருவது 969. எங்கள் தொழிலில், டெஸ்டையே தப்பாக எழுதிவிட்டு கோடைத் திருத்துகிற ஆட்கள் உண்டு. அந்த மாதிரிதான் இது.

ஆகவே ஒரு சாண்டர் கைக்கு வந்தால், மேல் டி தொங்குகிறதா, அடி டி சொடுக்குக்குக் கடினமாகிறதா என்று கறாராகச் சோதியுங்கள். ஸியை மட்டும் ட்யூனரை மூடிவிட்டு, டிரோனை ஓடவிட்டு, இரண்டு மூன்று விரல்பிடிகளில் கேளுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வந்தால், குழலைச் செய்தவரிடம் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.