மறுசுழற்சி லைக்ரா: எட்டு சதவீதத்தை வைத்து ஒரு பச்சை அட்டை

துணிக்கடைகளில் தொங்கும் பச்சை அட்டைகளில் அண்மைக்காலமாக அடிக்கடி கண்ணில் படும் வாசகம் ஒன்று: "மறுசுழற்சி செய்த ஸ்ட்ரெட்ச் இழை கொண்டது." பக்கத்தில் ஒரு இலை, ஒரு அம்புக்குறி வட்டம். இந்தப் பதிவு அந்த ஒற்றை வாசகத்தைப் பற்றிய விமர்சனம். அது பொய் என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலும் உண்மைதான். அந்த உண்மை ஆடையில் எவ்வளவு இடத்துக்குப் பொருந்தும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுவோம். லைக்ரா என்பது ஒரு பிராண்டின் பெயர். இழையின் பொதுப்பெயர் அமெரிக்காவில் ஸ்பான்டெக்ஸ், ஐரோப்பாவில் எலாஸ்டேன். 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷைவர்ஸ் உருவாக்கியது. எடையில் குறைந்தது 85% பாலியூரித்தேன் வகை பாலிமர் இருக்க வேண்டும் என்பது வரையறை. நம்ம ஊரில் எல்லாமே லைக்ராதான், திருப்பூரில் துணி கேட்டாலும் "காட்டன் லைக்ரா" என்றுதான் சொல்வார்கள்.

இப்போ கணக்கு. 200 கிராம் எடையுள்ள ஒரு லெக்கிங்ஸ், 92% பருத்தி, 8% எலாஸ்டேன் என்று வைத்துக்கொள்வோம். எலாஸ்டேன் 16 கிராம். லைக்ரா நிறுவனத்தின் ஈகோமேட் இழையில் மறுசுழற்சிப் பங்கு 20% என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த இழையைப் போட்டால் 3.2 கிராம், அதாவது ஆடையின் எடையில் 1.6%. ஜப்பானின் அசாஹி கசேய் விற்கும் ரோய்கா ஈஎஃப் பாதிக்கு மேல் என்கிறது. சரியாகப் பாதி என்றே எடுத்தாலும் 4%. கொரியாவின் ஹியோசங் தன் கிரியோரா ரீஜென் முழுக்க முழுக்கக் கழிவிலிருந்து வருவதாகச் சொல்கிறது. அதையே போட்டாலும் 8%தான். அதற்கு மேல் போக வழியே இல்லை, ஏன்னா ஆடையில் இருப்பதே அவ்வளவுதான்.

இதை ஜிஆர்எஸ் சான்றிதழோடு ஒட்டிப் பாருங்கள். அதற்கு ஒரு பொருளில் குறைந்தது 20% மறுசுழற்சிப் பொருள் வேண்டும். அதன் தம்பி மாதிரியான ஆர்சிஎஸ்ஸுக்கு 5% போதும். நம்ம லெக்கிங்ஸில் 1.6% இருந்தால் இரண்டுமே கிடைக்காது. 8% இருந்தால் தம்பி மட்டும் கிடைப்பார். ஆனால் இழைக்கு, அதாவது நூற்கண்டுக்கு, ஜிஆர்எஸ் இருக்கலாம். கண்டுக்குக் கிடைத்த சான்றிதழின் வாசனை அட்டை வழியாக முழு ஆடைக்கும் ஏறிவிடுகிறது. ஒரு லைப்ரரி டெஸ்ட் பாஸானதை வைத்து மொத்த சாஃப்ட்வேரும் பாஸ் என்று ரிலீஸ் நோட்டில் எழுதுகிற மாதிரி. எங்கள் தொழிலில் அப்படி எழுதினால் கேள்வி வரும்.

அடுத்தது, அந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது? நீங்கள் போட்டுக் கழித்த பழைய லெக்கிங்ஸிலிருந்து இல்லீங்க. இழை ஆலையிலேயே மிஞ்சுகிற சிக்கு நூல், தரம் தேறாத கண்டு, இதுதான் மூலப்பொருள். எலாஸ்டேனைப் பெரும்பாலும் டைமெத்தில் அசெட்டமைடு போன்ற கரைப்பானில் பாலிமரைக் கரைத்து, சூடான வாயுவுக்குள் இழையாக இழுத்துத் தயாரிக்கிறார்கள். கரைந்து வந்தது என்பதால் மீண்டும் கரையும். கழிவைக் கரைத்து, வடிகட்டி, திரும்ப இழுக்கலாம். நல்ல வேலைதான், குப்பைக்குப் போவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஐஎஸ்ஓ 14021 தரநிலையில் ஒரு வரையறை இருக்கிறது. நுகர்வோருக்கு முந்தைய கழிவை மறுசுழற்சி என்று கணக்கில் சேர்க்கலாம். ஆனால் ஒரு செயல்முறையில் உண்டாகி அதே செயல்முறைக்குள் திரும்பப் போடக்கூடிய மிச்சத்தைச் சேர்க்கக் கூடாது. எலாஸ்டேன் இந்தக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. கழிவைப் பிரித்து, சுத்தம் செய்து, தனியாகக் கரைப்பது வேறு செயல்முறை என்று வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. என் குறை வேறு. வாங்குகிறவர் மனதில் "மறுசுழற்சி" என்றதும் பழைய துணி புதுத் துணியாவதுதான் தோன்றும். அந்தத் தோற்றத்தை அட்டை திருத்துவதே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் மீதி 92% பருத்தி.

திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் வீணாவதில்லை. நிறம் நிறமாகப் பிரித்து, பல் உருளை மெஷினில் பீய்த்துப் பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்களில் திரும்ப நூலாக்குகிறார்கள். நிறத்தைப் பிரித்து நூற்பதால் மறுபடி சாயம் போட வேண்டியதும் குறைகிறது. "சஸ்டைனபிள்" என்ற சொல் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற வேலை இது. அங்கே லைக்ரா கலந்த துண்டுக்கு மதிப்பு குறைவு. பருத்தி இழை பல்லில் மாட்டினால் பிரிந்து வரும். எலாஸ்டேன் பிரியாது, இழுபடும், விட்டால் சுருங்கும். உராய்வுச் சூட்டில் இளகி உருண்டையாகும். அந்த உருண்டை நூலில் முடிச்சாக வரும். எட்டு சதவீதம் கூட வேண்டாம், அதற்குக் குறைவாக இருந்தாலே தொல்லைதான். அந்த எலாஸ்டேன் புதுசா, மறுசுழற்சி செய்ததா என்று மெஷினுக்குத் தெரியாது.

ஆக, மறுசுழற்சி லைக்ரா போட்ட பருத்தி ஆடை என்பது, 16 கிராமை மீட்டதைச் சொல்லிவிட்டு 184 கிராமை மீட்க முடியாமல் செய்கிற ஏற்பாடு. மக்காச்சோளத்திலிருந்து வரும் தாவர மூல எலாஸ்டேனுக்கும் இதே கதிதான், கடைசியில் கிடைப்பது அதே குடும்பத்து பாலிமர்.

மாற்று வழிகள் இருக்கின்றன. 2023இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நைலான்-எலாஸ்டேன் கலவைத் துணியை ஒரு ஆல்கஹாலும் கொஞ்சம் காரமும் சேர்த்து, பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் சுமார் 225 டிகிரிக்குச் சூடாக்கி, எலாஸ்டேனை மட்டும் சிதைத்து நைலானை மீட்டுக் காட்டினார்கள். அருமையான வேதியியல். ஆனால் ஆய்வகத்தில் நடப்பதும் தினம் டன் கணக்கில் நடப்பதும் வேறு வேறு. எலன் மெக்கார்தர் அறக்கட்டளையின் ஜீன்ஸ் திட்டம் எளிமையான வழியைப் பிடித்தது: எடையில் குறைந்தது 98% செல்லுலோஸ் இழை இருக்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டார்கள். எலாஸ்டேன் போட மிஞ்சுவது இரண்டு சதவீதம், பிரச்சினை டிசைன் மேசையிலேயே பாதி தீர்ந்தது.

பின்னலாடைக்கு இதைவிடவும் வசதி உண்டு. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்படுவதால் தானாகவே இழுபடும். ரிப் பின்னல் இன்னும் அதிகம். லைக்ரா பரவுவதற்கு முன்பு பனியனின் கழுத்துப்பட்டி தலை நுழைய விரிந்ததும் திரும்ப ஒட்டியதும் ரிப்பால்தான். பாலியெஸ்டர் ஆடையென்றால் இரண்டு வகை பாலியெஸ்டரை ஒட்டி இழுத்து, சுருள் விழ வைக்கும் இழைகள் இருக்கின்றன. எலாஸ்டேன் அளவுக்கு விரியாது, ஆனால் ஆடை முழுக்க பாலியெஸ்டர் குடும்பமாகவே இருக்கும். நீச்சலுடைக்கும் அறுவைக்குப் பின் போடும் அழுத்த உறைகளுக்கும் எலாஸ்டேன் வேண்டும், மறுக்கவில்லை. தளர்வாகப் போடும் ரவுண்ட் நெக் டிஷர்ட்டில் ஐந்து சதவீதம் எதற்கு? "வடிவம் கெடாது, நீண்ட நாள் உழைக்கும்" என்பார்கள். குளோரினுக்கும் சூட்டுக்கும் வெயிலுக்கும் முதலில் தளர்வது அந்த இழைதான். முட்டி தொங்கிய லெக்கிங்ஸை எடுத்துப் பாருங்கள், பருத்தி நன்றாகத்தான் இருக்கும்.

அட்டை எழுதுகிறவர்களுக்கு வேறொரு பக்கமிருந்து நெருக்கடி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் நெறிமுறை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. பொருளின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும் சுற்றுச்சூழல் பெருமையை முழுப் பொருளுக்கும் சொல்வது அதன்படி தடை செய்யப்பட்ட வணிக நடைமுறை. திருப்பூரின் பெரிய சந்தைகளில் ஐரோப்பாவும் ஒன்று. இலை படத்துக்குப் பக்கத்தில் "இந்த ஆடையின் எடையில் 1.6%" என்று அச்சடிக்க எந்த பிராண்ட் முதலில் முன்வரும் என்று பார்க்க ஆசை. அதற்குக் கீழேயே "மீதிப் பருத்தியைத் திரும்ப நூலாக்குவது கடினம்" என்ற வரிக்கும் இடம் விட்டால் இன்னும் நல்லது.