ஒத்து ஊதும் சிறுவன்: மேளப் பயிற்சியும் சமூக உறவுகளும்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வன்னி மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். அதனையொட்டி முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. கோயில் மேளத்தின் ஓரத்தில் தாளந்தட்டி நிற்கும் சிறுவனைப் பற்றி எழுதியோர் அரியர். இம்மௌனம் தற்செயலானதன்று.

பெரிய மேளம் என்பது நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவற்றின் கூட்டு. மரபுவழிப் பயிற்சியிற் பிள்ளையின் கைக்கு முதலில் வருவது தாளம் அல்லது ஒத்து. வாய்ப்பாட்டில் வரிசைகளைப் பயின்றவாறே, ஒரே சுருதியை இடையறாது ஊதி நின்று, மூத்தோரின் ஆலாபனையைச் செவிவழியே அவன் உள்வாங்குகிறான். குருவின் வீட்டு வேலையும் கல்விக்குரிய விலையாயிற்று. பயிற்சியும் உழைப்பும் இங்கு வேறுவேறல்ல. அவ்வுழைப்பைச் சமூகம் எவ்வாறு மதித்தது என்பதற்கு மொழியே சான்று: 'ஒத்தூதுதல்' என்பது சுயபுத்தியின்றி ஆமோதித்தலைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல்லாயிற்று.

இலக்கியமும் இப்பார்வையிலிருந்து விடுபடவில்லை. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' நாதஸ்வரக் கலைஞனின் தன்மானத்தைச் செல்வர்களின் அதிகாரத்துக்கு எதிரே நிறுத்தியது. அது அந்நாவலின் முற்போக்கான கூறு. ஆயின், கலை அங்கு தனிமனித மேதைமையாகவே தோன்றுகிறது. அதனை உருவாக்கிய கூட்டுழைப்பு பின்னணிக்குத் தள்ளப்படுகிறது. 1968 இல் வெளிவந்த திரைப்படத்தில் இது கண்கூடு. திரையில் உப்பியவை சிவாஜி கணேசனின் கன்னங்கள். ஒலித்தது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரரின் மூச்சு.

இம்மூச்சு பரம்பரைச் சொத்தாகவே கைமாறி வந்தது. அளவெட்டி பத்மநாதனும் இணுவில் தெட்சணாமூர்த்தியும் இசைக்குடும்பங்களில் தோன்றியவர்கள். இஸ்லாமியரான ஷேக் சின்ன மௌலானாவும் ஆந்திரத்து நாதஸ்வரக் குடும்பத்தினரே. மதவேலியைத் தாண்டிய கலை, குலவேலியை எளிதில் தாண்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

குருகுலப் பயிற்சிக்கு வீடும் ஊரும் கோயிலும் நிலைத்திருத்தல் வேண்டும். 2009 இல் வன்னியில் இம்மூன்றும் ஒருங்கே குலைந்தன. மீண்ட பாடசாலையில் பாண்ட் வாத்தியக் குழுவிற் சேரும் பிள்ளையின் குலத்தை வாத்தியம் கேட்பதில்லை. இராணுவ அணிவகுப்பில் பிறந்த இசை ஜனநாயகமாக, நம் மண்ணின் இசை குலத்துள் அடைபட்டிருப்பது பெரும் முரண்பாடு.

'மரபைக் காப்போம்' என்ற பொதுக்கோஷம் இம்முரண்பாட்டைத் தீர்க்காது. குழுவினுள் நின்று செவியாற் கற்கும் முறை மரபின் அரிய பேறு. வெனிசுவேலாவில் 1975 இல் தொடங்கிய இளைஞர் இசைக்குழு இயக்கமும் கூடி வாசித்தே கற்கும் வழியில் வளர்ந்தது. அம்முறை கொள்ளத்தக்கது, அதனோடு பிணைந்த குலவுரிமையும் ஊழியமும் தள்ளத்தக்கவை. பரம்பரைக் கலைஞரை உரிய சம்பளத்துடன் ஆசிரியராக அமர்த்தி, பொதுப்பாடசாலையில் ஆண், பெண் அனைவருக்கும் நாதஸ்வரத்தைக் கற்பித்தல் வேண்டும். ஒத்து ஊதும் பிள்ளை தனக்கெனவும் ஊதும் நாளே இக்கலையின் விடுதலை நாளாகும்.