ரசீது வேறு, விடை வேறு

நடுக்கடலில் தத்தளிக்கும் படகிலிருந்து அபாயச் செய்தி அனுப்புவதற்கு இஸ்ரோ ஒரு கருவி செய்தது. ‘டாட்’ என்பது அதன் சுருக்கப் பெயர். 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் மீனவர்களிடம் உள்ளன. பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியே கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். ஆனால் அழுத்தியவருக்கு எதுவும் திரும்பி வராது. செய்தி போய்ச் சேர்ந்ததா, காற்றோடு போயிற்றா என்று தெரியாமலேயே அவர் காத்திருக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி இதைச் சரிசெய்தது. செய்தி கிடைத்துவிட்டது என்ற ஒப்புகை இப்போது படகுக்கே திரும்பி வருகிறது.

ஒப்புகை வந்ததால் மீட்புக் கப்பல் புறப்பட்டுவிட்டது என்று ஆகிவிடாது. அனுப்பியாயிற்று, கிடைத்துவிட்டது, வேலை தொடங்கிவிட்டது, வேலை முடிந்தது என்று நான்கு படிகள் உண்டு. எந்தப் படியில் கேட்டவரிடம் கட்டுப்பாடு திரும்புகிறது என்பதுதான் தரவோடைச் செயலாக்க ஏபிஐகளில் ‘சிங்க்’, ‘ஏசிங்க்’ என்ற பெயர்களில் நடக்கும் வாதத்தின் உட்பொருள். காத்திருப்பதா வேண்டாமா என்று அதைச் சுருக்கிவிடுவதால்தான் வடிவமைப்புகள் பிசகுகின்றன. அபாச்சி ஃப்ளிங்க், அபாச்சி ஸ்பார்க், கேஎஸ்க்யூஎல்டிபி ஆகிய மூன்று தரவோடை இயந்திரங்களும் இதில் மூன்று விதமாக முடிவெடுத்தவை. எதன் முடிவு தேறுகிறது?

உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டும். காரைக்காலை எடுத்துக்கொள்கிறேன். நிலப்பக்கம் முழுக்கத் தமிழ்நாடு சூழ, ஆட்சி மட்டும் புதுச்சேரியிலிருந்து நடக்கும் சிறிய கடலோரத் துண்டு. அரசலாற்று முகத்தில் மீன்பிடித் துறைமுகம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் என்று வரிசையாக மீனவ ஊர்கள். தென்கிழக்கே போனால் இலங்கைக் கடல் எல்லை. நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாய்ச் செலவில் இடங்காட்டும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் நடந்துவருகிறது. வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று காரைக்காலிலேயே இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது பாதிக்கப்பட்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆக, படகு நிலை, ரேடார் படம் என இரண்டு தரவோடைகள். துறைமுக அலுவலகத் திரைக்கு ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அது மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

இன்ன பதிவெண் கொண்ட படகு கடைசியாக எங்கே இருந்தது? இது முதல் கேள்வி. எல்லைக் கோட்டை எந்தப் படகு நெருங்கினாலும் உடனே சொல். இது இரண்டாவது, முடிவே இல்லாதது. நேற்றிரவு போனவற்றில் இன்னும் திரும்பாதவை எவை? இது மூன்றாவது. பார்வைக்கு முதலாவதைப் போல இருக்கும். உண்மையில் இரண்டுக்கும் நடுவில் கிடந்து உயிரை வாங்கும்.

ஃப்ளிங்கிலிருந்து தொடங்கலாம், அதன் வரலாறுதான் அதிகம் கற்றுத் தருகிறது. 2020-க்கு முன் அதில் ‘எஸ்க்யூஎல் அப்டேட்’ என்று ஒரு கட்டளை இருந்தது. அட்டவணை உருவாக்கச் சொன்னால் அங்கேயே உருவாக்கிவிடும். தரவைச் சேர்க்கச் சொன்னாலோ குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் ‘எக்ஸிக்யூட்’ என்று தனியாகச் சொல்லும்வரை சும்மா இருக்கும். ஒரே கட்டளைக்கு இரண்டு முகம். 2020 ஜூலையில் வந்த 1.11 பதிப்பு இதை ஓரங்கட்டிவிட்டு ‘எக்ஸிக்யூட் எஸ்க்யூஎல்’ என்ற ஒற்றைக் கட்டளையைக் கொண்டுவந்தது. எதைக் கொடுத்தாலும் உடனே செயலில் இறங்கும். தரவு சேர்க்கும் வேலை என்றால், வேலையை ஓட்டும் கணினிக் கூட்டமான கிளஸ்டரிடம் ஒப்படைத்த கையோடு திரும்பிவிடும். திரும்பும்போது ஒரு கைப்பிடியும் தரும். அதை வைத்து வேலையின் நிலையைக் கேட்கலாம், நிறுத்தலாம்.

கொள்கையளவில் இது சரியான முடிவு. இரண்டாவது கேள்வியைப் போன்ற முடிவற்ற வேலையை முடியும்வரை காத்திருந்து வாங்க யாராலும் ஆகாது. ஆனால் நடைமுறையில் ஒரு பள்ளம் இருந்தது. தன் மடிக்கணினியில் சோதித்துப் பார்க்கிறவருக்கு, தரவு சேர்க்கும் கட்டளை உடனே திரும்பிவிடும். அது கடைசி வரியாக இருந்தால் நிரல் முடிந்துவிடும். நிரலோடு சேர்ந்து அதற்குள் ஓடிய சிறு கிளஸ்டரும் மூச்சை நிறுத்திவிடும். பிழைச் செய்தி இல்லை, ஒரு வரி தரவும் இல்லை. ஃப்ளிங்க் பழகியவர்களில் இதில் விழாதவர் குறைவு.

அதற்கு மருந்தாக 1.12 பதிப்பில் ‘அவெய்ட்’ வந்தது. என் முக்கியமான குற்றச்சாட்டு இந்த மருந்தின் மீதுதான். தரவு சேர்க்கும் வேலையில் அவெய்ட் என்றால் வேலை முடியும்வரை நிற்பது. தேர்ந்தெடுக்கும் வினவலில் முதல் வரி கைக்கு வரும்வரை மட்டும் நிற்பது. மற்றக் கட்டளைகளில் நிற்பதே இல்லை. ஆவணத்தில் இது ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எழுதி வைத்துவிட்டால் தவறு சரியாகிவிடுமா? பழைய கட்டளையின் இரட்டை முகத்தைக் களைந்த அதே சீர்திருத்தம், அடுத்த பதிப்பிலேயே காத்திருப்புக்கு மூன்று முகத்தை மாட்டிவிட்டது. எல்லையில் எச்சரிக்கும் வேலையில் யாராவது அவெய்ட் என்று எழுதினால் அந்த வரி அடுத்த சுனாமிவரை நகராது. இந்த வேலைக்கு முடிவு கிடையாது என்று இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தும் அது எச்சரிக்காது. 1.13-இல் எஸ்க்யூஎல் கிளையன்ட்டுக்கு வந்த ‘டிஎம்எல் சிங்க்’ அமைப்பு இன்னும் மோசம். ஒரே வரி, அமைப்பைப் பொறுத்து ஒரு நாள் காத்திருக்கும், இன்னொரு நாள் காத்திருக்காது. வரியைப் படித்து இன்னது நடக்கும் என்று சொல்ல முடியாத ஏபிஐயை மறுபரிசீலனை செய்கிறவர் எப்படி நம்புவார்?

ஸ்பார்க் 2016-இலேயே 2.0 பதிப்பில் இன்னொரு வழியை எடுத்தது. தரவோடை வேலைக்கு ‘ஸ்டார்ட்’. அது கைப்பிடியோடு உடனே திரும்பும். காத்திருக்க ‘அவெய்ட் டெர்மினேஷன்’. அதற்கு ஒரே பொருள், வேலை நிற்கும்வரை காத்திரு. இடையில் வேலை பிழையால் செத்தால் பிழை அந்த வரியிலேயே வெடிக்கும். இதைவிட எனக்குப் பிடித்தது அதன் மறுப்பு. முடிவற்ற ஓடையைக் கொடுத்து, சாதாரண அட்டவணையைக் காட்டுவதுபோல ‘ஷோ’ என்று கேட்டால், முடியாது, ரைட்ஸ்ட்ரீம் ஸ்டார்ட் வழியாக வா என்று முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிடும். முரட்டுத்தனம்தான். ஆனால் முடிவுள்ளதையும் முடிவற்றதையும் நிரலாளர் குழப்பிக்கொள்ளாமல் காப்பது இந்த முரட்டுத்தனமே. ஸ்பார்க்கின் பலவீனம் முதல் கேள்வியில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்குள் புகுந்து ‘இந்தப் படகு எங்கே’ என்று ஒற்றை விடை வாங்க அது வசதியாக அமையவில்லை. விடையை வேறொரு சேமிப்பில் எழுதி அங்கிருந்து படிக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் கேஎஸ்க்யூஎல்டிபி முந்துகிறது. 2019 நவம்பரில் கேஎஸ்க்யூஎல் இந்தப் புதுப் பெயரில் வந்தபோது, வினவலை இழுப்பது, தள்ளுவது என்று இரண்டாகப் பிரித்தது. இழுக்கும் வினவல் இப்போதுள்ள நிலையைக் கேட்டு, விடையோடு முடிந்துவிடும். தள்ளும் வினவலின் வாலில் ‘எமிட் சேஞ்சஸ்’ என்று எழுதியாக வேண்டும். மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். வேறுபாடு நூலகத்தின் மூலையில் ஒளிந்திருக்காமல் வினவலின் முகத்திலேயே தெரிகிறது. துறைமுகத் திரையின் நிரலை அடுத்து வரும் பொறியாளர் படித்தால், எந்த வரி திரும்பும், எது திரும்பாது என்று அவருக்கு ஐயமே வராது.

ஆனால் இதற்கும் இரண்டு வால் உண்டு. உடனே வந்த விடை புதிய விடை என்று உறுதி இல்லை. முதன்மைக் கணு, அதாவது விடை சொல்லும் கணினி, விழுந்து, மாற்றுக் கணுவிலிருந்து படிக்க அமைப்பு அனுமதித்திருந்தால், திரையில் தெரியும் படகு கொஞ்ச நேரத்துக்கு முந்திய இடத்தில் இருக்கலாம். காத்திருந்து வாங்கியது என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது. அடுத்தது, அட்டவணை உருவாக்கும் கட்டளைகள் உள்ளே ஒரு வரிசையில் ஏறி, ஒவ்வொரு கணுவும் அதைத் தன் வேகத்தில் எடுத்துச் செய்கிறது. அதனால் முந்திய கட்டளை முடிந்ததா என்று உறுதிசெய்ய, அதன் வரிசை எண்ணை அடுத்த கட்டளையோடு சேர்த்து அனுப்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சுற்றுவழி; ஆனால் நேர்மையான சுற்றுவழி. எந்தப் படிவரை காத்திருக்க வேண்டும் என்பதைக் கேட்கிறவரே எண்ணால் சொல்லிவிடுகிறார். ஃப்ளிங்கின் அவெய்ட்டில் இல்லாத தெளிவு இது.

காத்திருக்காத ஏசிங்க் பக்கம் சாய்வதற்கு எதிரான வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இரவில் ஓடும் தொகுப்பு வேலையில் முதல் கட்டளை எழுதிய தரவை இரண்டாவது கட்டளை படிக்க வேண்டும். முதலாவது ஒப்படைத்ததோடு திரும்பிவிட்டால் இரண்டாவது பாதித் தரவைப் படித்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லும். இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் வாரக்கணக்கில் ஓடும். கற்றுக்கொடுக்கவும் வரிசையாக நடப்பதுதான் எளிது. இவ்வளவும் உண்மை. ஆனால் இது நிரூபிப்பது, காத்திருக்க ஒரு நல்ல வழி வேண்டும் என்பதை மட்டுமே. காத்திருப்பதே இயல்பு நிலையாக இருக்க வேண்டும் என்பதை அல்ல. காத்திருக்காத அடித்தளத்தின் மேல் காத்திருப்பை ஒரு வரியில் கட்டலாம். காத்திருக்கும் அடித்தளத்தைக் கொடுத்துவிட்டால், காத்திருக்காமல் வேலை செய்ய ஆளாளுக்குத் தனி இழை ஓட்டி, பிழைகளை எங்கோ தொலைப்பார்கள்.

மூன்றாவது கேள்வியில் மூன்றும் திணறுகின்றன. திரும்பாத படகுகளின் பட்டியலை எப்போது முடிவு என்று அறிவிப்பது? தொடர்பு விட்டுப்போன ஒரு கருவியின் செய்தி ஒரு மணி நேரம் கழித்து வந்து சேரலாம். நேரம் இதுவரை வந்துவிட்டது என்று ஓடைக்குள் அடையாளமிட்டு ஃப்ளிங்க் இதை ஓரளவு கையாள்கிறது. இந்தக் குறியை வாட்டர்மார்க் என்பார்கள். ஆனால் ஓடையின் ஒரு கிளை பேசாமல் இருந்தால் குறி மொத்தமும் நின்றுவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விசைப்படகுகளின் கிளை மௌனமாக இருப்பது கோளாறு அல்ல, சட்டம். அதே புதுச்சேரி அரசின் கீழுள்ள மாஹேயில் தடை ஜூன், ஜூலையில் வருகிறது. ஆகவே மௌனத்தின் பொருளை ஒரு நிரந்தர எண்ணாக நிரலில் எழுதிவிட முடியாது. மௌனமான கிளையை ஒதுக்கிவைக்கும் வசதி 1.11-இலேயே வந்துவிட்டது. ஆனால் காத்திருக்கும் வினவலுக்கு, கிளை ஓய்வில் இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்ற செய்தி போய்ச் சேர வழி இல்லை. வினவல் வெறுமனே காத்திருக்கிறது.

என் தீர்ப்பு இது. கைப்பிடி தந்து உடனே திரும்புவது என்ற ஃப்ளிங்கின் 2020 முடிவு நிற்கும். அதன் அவெய்ட்டும் டிஎம்எல் சிங்க் அமைப்பும் நிற்காது, முதல் வரிக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று அவெய்ட்டைப் பிரித்திருக்க வேண்டும். முடிவற்ற ஓடையைத் தவறான கட்டளையால் கேட்டால் மறுப்பதில் ஸ்பார்க் மற்ற இரண்டையும் விட ஒழுங்கானது. வினவலைப் படித்தாலே நடத்தை தெரிவதில் கேஎஸ்க்யூஎல்டிபி முன்னிலை. காரைக்கால் திரைக்கு இன்று ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஃப்ளிங்கை எடுப்பேன். மூன்றாவது கேள்வியை அணுகவாவது அதில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வினவலுக்குக் கால வரம்பு ஒன்றையும், ‘இந்தப் பட்டியல் முழுமையல்ல, இந்த நேரம்வரை வந்த செய்திகளால் ஆனது’ என்று சொல்லும் ஒரு கொடியையும் கையால் எழுதிச் சேர்த்த பிறகுதான் திரையில் ஏற்றுவேன். பட்டியலில் ஒரு படகு இல்லை என்றால் அது கரைக்கு வந்துவிட்டது என்று கொள்வதா, அதன் செய்தி வரவில்லை என்று கொள்வதா என்பதை அந்தக் கொடி இல்லாமல் துறைமுக அலுவலர் அறிய முடியாது.