முதல் சொல்லை விழுங்கும் டாக்

டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டாக் ஒன்றை, பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டெஸ்க்டாப் வகை, சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெட்போனில் இரைச்சல் துளியும் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்கின்றன. வால்யூம் குமிழ் கைக்கு இதமாகச் சுழல்கிறது. ஆனால் ஷஃபிளில் விட்டால் சில பாட்டுகளின் முதல் சொல் வருவதே இல்லை.

எல்லாப் பாட்டிலும் இப்படி ஆவதில்லை. சிடியிலிருந்து எடுத்த பாட்டுக்குப் பின் இன்னொரு சிடி பாட்டு வந்தால் சுத்தமாக ஒலிக்கிறது. அதற்குப் பின் 96 கிலோஹெர்ட்ஸ் பதிவு ஒன்று வந்தால்தான் தொல்லை. தம்புராவில் தொடங்கும் கச்சேரி என்றால் வெட்டு விழுந்ததே தெரியாது. எடுத்த எடுப்பிலேயே குரல் வரும் பாட்டு என்றால் பல்லவியின் தலை போய்விடும். சாகித்யத்துக்காகக் கேட்பவருக்கு இது சின்னக் குறை அல்ல.

டாக்கின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. இந்தக் குணம் ஒரே ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. விலை கூடிய கருவிகளிலும் உண்டு. விவரப் பட்டியலில்தான் எங்கும் இராது.

காரணம் பழையது. சிடியின் சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ். வீடியோவோடு வரும் ஒலிக்கு 48. உயர்தரப் பதிவுகள் இந்த இரண்டின் மடங்குகள்: ஒரு பக்கம் 88.2, 176.4, மறு பக்கம் 96, 192. டிஜிட்டல் ஒலியை ஆரம்பத்தில் வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். அமெரிக்க வீடியோ முறையில் ஒரு ஃபீல்டுக்கு 245 கோடு, நொடிக்கு 60 ஃபீல்டு, கோட்டுக்கு 3 சாம்பிள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294, 50, 3. அதிலும் அதே 44,100. இரண்டு முறைக்கும் பொருந்தியதால் அந்த எண் நிலைத்துவிட்டது. 48,000 அதற்கு முழு மடங்காக அமைவதில்லை. ஆகவே நல்ல டாக்குகளில் கடிகாரமாக இரண்டு கிரிஸ்டல்கள் இருக்கும்: 44.1 குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ்.

குடும்பம் மாறும்போது கடிகாரத்தையே மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ‘பட்’டென்று அடிக்காமல் இருக்க டாக் தன்னை மியூட் செய்துகொள்கிறது, கடிகாரம் நிலைபெற்றதும் திறக்கிறது. இதுவரை எல்லாம் நியாயமே. டாக் திறக்கும்வரை ப்ளேயர் காத்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல். பாட்டின் தொடக்கம் மூடிய கதவில் மோதி வீணாகிறது.

ஆப்டிகல் கேபிளில் இது இன்னும் மோசம். அந்த இணைப்பு ஒருவழிப் பாதை. சிக்னலுக்குள்ளேயே கடிகாரமும் வருகிறது. ரேட் மாறியதை டாக் சிக்னலைப் பார்த்தே கண்டுகொண்டு, மறுபடி அதைப் பிடித்தாக வேண்டும். பத்தில் ஒரு நொடிக்கு ஒரு ‘டிக்’ வரும் கோப்புகளை வெவ்வேறு ரேட்டில் செய்து, அடுத்தடுத்து ஓடவிட்டு, ஹெட்போன் வெளியீட்டைப் பதிவுசெய்து எண்ணினேன். யூஎஸ்பியில் ஏறக்குறைய அரை நொடி போகிறது. ஆப்டிகலில் ஒரு நொடிக்கும் மேல். 48-இலிருந்து 96-க்குப் போக கிரிஸ்டல் மாற வேண்டியதில்லை. அதற்கும் இந்த டாக் அதே அளவு நேரம் எடுக்கிறது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தும் பலனில்லை.

உங்கள் வீட்டில் ஒலி விட்டுப்போனால், இதுதான் காரணமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பாட்டின் நடுவில் விட்டு விட்டுக் கரகரத்தால் கேபிள், யூஎஸ்பி ஹப், பஃபர் என்று வேறு பக்கம் தேடுங்கள். ஒரே ரேட்டில் உள்ள இரண்டு பாட்டுக்கு இடையிலும் தொடக்கம் போனால் அது ஆட்டோ மியூட்டாக இருக்கலாம்: சில டாக்குகள் உள்ளே வருவது முழு மௌனம் என்று கண்டாலே மூடிக்கொள்ளும். பாட்டு வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்டால் சங்கதி வேறு. 44.1 பதிவு 48 கடிகாரத்தில் ஓடுகிறது; வேகம் 8.8 சதவீதம் கூடும், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே போய் நிற்பார். அங்கே ரேட் மாறவே இல்லை, டிரைவரைப் பாருங்கள். டாக்கின் முகப்பில் ரேட்டைக் காட்டும் திரையோ விளக்கோ இருந்தால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பரிகாரம் இரண்டு. பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் மௌனத்தை அனுப்பச் சொல்வது ஒன்று. ரூன் மென்பொருளில் ‘ரீசிங்க் டிலே’ என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. மியூட் எவ்வளவு நேரமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். ரேட் மாறாத ஆல்பத்தில் இது குறுக்கே வராது.

இரண்டாவது, ரேட்டை மாறவே விடாமல் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. என் ராஸ்ப்பெரி பையில் ஓடும் எம்பிடி ப்ளேயரில் வெளியீட்டை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று நிறுத்தி, மாற்றும் வேலையை சாக்ஸ்ஆர் என்ற ரீசாம்ப்ளரிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு பாட்டும் தலை இழக்கவில்லை.

பிட் பெர்ஃபெக்ட் அன்பர்கள் இதை ஒப்பமாட்டார்கள். பதிவில் உள்ள ஒரு பிட்டும் மாறாமல் டாக்குக்குப் போக வேண்டும் என்பார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அரை நொடி மௌனம் என்றால் 44.1-இல் ஒவ்வொரு சேனலிலும் 22,050 சாம்பிள் போய்விட்டது. நல்ல ரீசாம்ப்ளர் செய்யும் மாற்றம் என் காதுக்கு எட்டவில்லை; போன முதல் சொல் எட்டுகிறது. ஆல்பமாக மட்டும் கேட்பவர் பிட் பெர்ஃபெக்ட்டிலேயே இருக்கலாம், இந்த டாக்கையும் தயங்காமல் வாங்கலாம். கலந்து கேட்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ரேட்டை நிறுத்திவைக்கத் தெரிந்தவராக இருந்தால் தவிர. டிவிக்கு மட்டும் என்றால் கவலையே வேண்டாம். அங்கே வருவது பெரும்பாலும் 48 மட்டுமே.

வேறு டாக் வாங்கப் போகிறவர்கள் குரலில் தொடங்கும் இரண்டு பாட்டுகளை, ஒன்று 44.1-இலும் மற்றது 48-இலும், எடுத்துப் போய் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் சாதாரண ப்ளேயரை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பல போன்கள் எல்லாவற்றையும் 48-க்கு மாற்றியே யூஎஸ்பிக்கு அனுப்புவதால் குறை மறைந்துவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் வாசாப்பி எக்ஸ்குளூசிவ் முறையில் ஓடவிடுங்கள்.